வரைபட மொழியும் வாய்மொழியும்: ஒரு தமிழாசிரியன் கருத்து

விழா மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டபோது, நாவலர் பெருமானின் வசனநடை பற்றியோ கந்தபுராண படனம் பற்றியோ யான் எழுதுவேன் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அவை பற்றி எழுத என்னினும் தகுதி வாய்ந்தோர் நம்மிடையே உளர். யான் ஈண்டு எழுதப் புகுந்தது, மென்பொருள் ஆக்குவோர் தம் எண்ணத்தை வரைந்து காட்டுதற்குக் கையாளும் மாதிரியாக்க மொழிகளைப் பற்றியாகும். தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவோருக்கு, அவை மொழி என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன என்பதே என் விடை. மொழி என்று பெயர் சூடிய எதனையும் எம்போல்வார் ஒருமுறை தட்டிப் பார்ப்பதிற் பிழையில்லை. அன்றியும், நம் பழைய மாணவர் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் இத்துறையில் இருக்கின்றனர். பிழையாக எழுதியிருப்பின் அவர்கள் என்னைத் திருத்துவாராக. வகுப்பறையில் அவர்களை யாம் திருத்திய கடன் அவ்வாறேனும் தீரட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், யான் அப்போது படிப்பித்த வேறொரு பாடசாலையில், உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் நூலகத்துக்கென ஒரு மென்பொருள் ஆக்கினர். இரவல் கொடுத்த புத்தகம், வாங்கியவர் பெயர், திருப்பித் தரவேண்டிய நாள் ஆகியவற்றைக் கணினியே கணக்கு வைத்தல் வேண்டும் என்பது நோக்கம். அவர்களுடைய அறிக்கையைத் தமிழ்ப் பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் அனுப்பினர். அறிக்கையில் ஏழு வரைபடங்கள் இருந்தன. பெட்டிகளும் அம்புக்குறிகளும் அச்சிட்டாற்போல் அழகாய் அமைந்திருந்தன. வல்லெழுத்து மிகவேண்டிய இடங்களிற் சிவப்பு மையால் ஒற்று இட்டு, 'நன்று' என்றெழுதித் திருப்பிக் கொடுத்தேன். பரிசளிப்பு விழாவில் அவ்வறிக்கைக்குப் பாராட்டும் கிடைத்தது.

மென்பொருளோ இரண்டு கிழமைக்கு மேல் நிலைக்கவில்லை. நூலகத்தில் ஓர் இலக்கண நூலின் ஆறு பிரதிகள் இருந்தன. ஆறும் இரவல் போயிருந்த வேளையில் ஒரு மாணவன் தான் கொண்டுபோனதைத் திருப்பிக் கொடுத்தான். ஆறும் வந்து சேர்ந்தனவென்று கணினி பதிந்துகொண்டது. வரைபடத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. அதில் 'நூல்' என்று ஒரே பெட்டி இருந்தது. நூல் என்னும் சொல் ஆசிரியர் ஆக்கிய நூலையும் குறிக்கும். அலுமாரியில் இருக்கும் தனிப்பிரதியையும் குறிக்கும். இரவல் கொடுக்கப்படுவது பிரதி. 'இந்தப் புத்தகம் உங்களிடம் உண்டா' என்று வாசகர் தேடி வருவது நூல். இவ்விரு பொருளும் ஒரு பெட்டிக்குள் அடைபட்டமையால் வந்த வினை அது. சொல்லின் பொருளைக் கவனித்தற்கென்றே சம்பளம் வாங்கும் யான், அச்சொல்லுக்குப் பின்னே ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தேனேயன்றி, அஃது எதனைக் குறிக்கின்றது என்று கேட்டேனல்லேன்.

அந்நால்வருள் ஒருவனைப் பின்னர்க் கண்டபோது, "தம்பி, நீங்கள் அந்தப் படங்களை எப்போது கீறினீர்கள்?" என்று வினவினேன்.

"கடைசிக் கிழமைதான் சேர். முதலில் புறோகிராமை எழுதி முடித்துவிட்டோம். அறிக்கைக்குப் படம் கட்டாயம் என்றபடியால் பிறகு கீறிச் சேர்த்தோம்."

"நூலகத்து அம்மாவிடம் காட்டவில்லையோ?"

"அவவுக்கு இதெல்லாம் விளங்காது என்று நினைத்தோம், சேர்."

இவ்விரண்டு விடைகளிலும் மாதிரியாக்க மொழிகளின் இடர்ப்பாடு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது என்பது என் துணிபு. வேலை முடிந்தபின் படம் கீறுதல் ஒன்று. படம் யாருக்காகக் கீறப்படுகின்றதோ அவரிடம் அதனைக் காட்டாமை மற்றொன்று.

மாணவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. இவ்வழக்கம் கணினியோடு உடன்பிறந்தது. செயல்கள் நிகழும் ஒழுங்கை அம்புக்குறிகளாற் காட்டும் பாய்ச்சற் கோட்டுப்படத்தை ஹேர்மன் கோல்ட்ஸ்ரைனும் ஜோன் வொன் நொய்மனும் 1947 ஆம் ஆண்டிற் கணினி வேலைக்கு அறிமுகஞ் செய்தனர். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, ஐ.பி.எம். நிறுவனத்தின் மாபெரும் மென்பொருள் வேலை ஒன்றை நடத்திய பிரெட் புறூக்ஸ், 1975 இல் வெளியிட்ட தமது நூலில், தேர்ந்த செய்நிரலர் எவரும் விரிவான பாய்ச்சற் படத்தை முதலிற் கீறிப் பின்னர்ச் செய்நிரல் எழுதும் வழக்கமுடையரல்லர் என்றும், நிறுவன விதி வற்புறுத்தும் இடங்களில் அது பெரும்பாலும் வேலை முடிந்த பின்னரே கீறப்படுகின்றது என்றும் எழுதினார். அறிக்கைக்காகக் கடைசிக் கிழமையிற் படம் கீறிய நம் பிள்ளைகள் பெரியோர் சென்ற வழியிலேயே சென்றனர் போலும்.

பின்னர் வேறு வகைப் படங்கள் தோன்றின. பொருள்களுக்கிடையேயுள்ள தொடர்பைக் காட்டும் படத்தைப் பீற்றர் சென் 1976 இல் வகுத்தார். அதுவும் தரவுகள் பாயும் வழியைக் காட்டும் படமும் இன்று நம் நாட்டு உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன. அதன்பின் எழுந்த முறைகளோ எண்ணற்றன. 1989 இல் 10 க்கும் குறைவாயிருந்த முறைகள் 1994 அளவில் 50 ஐக் கடந்தன என்று அத்துறையார் எழுதியுள்ளனர். ஒருவர் வட்டத்தால் உணர்த்தியதை மற்றொருவர் சதுரத்தால் உணர்த்தினார். இக்குழப்பத்தைத் தீர்க்க, தத்தமக்கென ஒவ்வொரு முறை வகுத்திருந்த கிறேடி பூச், ஜேம்ஸ் றம்போ, ஐவார் யாக்கொப்சன் என்னும் மூவரும் ஒரே நிறுவனத்திற் கூடித் தம் முறைகளை ஒன்றாக்கினர். 'ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழி' எனப் பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி யூ.எம்.எல். என்பர். ஓ.எம்.ஜி. என்னும் தரநிர்ணய அமைப்பு 1997 இல் அதனை ஏற்றுக்கொண்டது. 2005 இல் இரண்டாம் பெரும் பதிப்பு வந்தது. இற்றைநாள் வழங்கும் 2017 ஆம் ஆண்டுப் பதிப்பில் 14 வகைப் படங்கள் உள்ளன. விதிகளை விளக்கும் ஆவணம் ஏறத்தாழ 800 பக்கம்.

நன்னூல் நானூற்றுச் சொச்சம் சூத்திரத்தில் எழுத்தையும் சொல்லையும் முடித்துவிட்டதே என்று வியந்து, அவ்வாவணத்தில் ஒரு பகுதியை நண்பர் ஒருவர் உதவியோடு பார்த்தேன். ஓரிடத்தில் என் மனம் நின்றது. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என நம் இலக்கண நூலார் இரண்டாகப் பகுத்தனர். கந்தனது கை என்பது தற்கிழமை; கை அவனை விட்டுப் பிரியாது. கந்தனது குடை என்பது பிறிதின்கிழமை. குடை பஸ்ஸில் மறதியாக விடப்படும், மறுநாள் வேறொருவர் கையில் இருக்கும். யூ.எம்.எல்.லிலும் இத்தகைய பாகுபாடு உண்டு. முழுமையாகிய பொருளுக்கும் அதன் கூறுக்கும் இடையிலுள்ள கோட்டின் முனையிற் கறுப்பு வைரக் குறி இட்டால், முழுமை அழியுங்கால் அதனோடிருக்கும் கூறும் அழியும் என்பது பொருள். உள்ளே வெறுமையான வைரக் குறி இட்டால் அத்துணை நெருக்கமற்ற உரிமை. இதுவரையில் நம் நூலாரின் வழியே ஆயிற்று. ஆனால் அவ்வெறுமை வைரத்தின் துல்லியமான பொருள் யாது? துறைக்கும் வரைவோருக்கும் ஏற்ப அது வேறுபடும் என்று விதியாவணமே சொல்கின்றது! மொழியை ஆக்கிய மூவருள் ஒருவராகிய றம்போ, நோயாளியின் மனத்திருப்திக்காகக் கொடுக்கும் மருந்தில்லாக் குளிகைக்கு அதனை ஒப்பிட்டார். எல்லாரும் அது வேண்டுமென்று கேட்டமையாற் சேர்க்கப்பட்ட குறி அது. அதற்கும் கறுப்பு வைரத்துக்கும் உள்ள வேற்றுமையைப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்க, மாணவர் அவ்விளக்கத்தை மனனம் பண்ணுகின்றனர்.

இலக்கணம் வழக்கைப் பின்பற்றிப் பிறத்தல் வேண்டும் என்பது எமது மரபு. மக்கள் பேசியும் புலவர் பாடியும் நெடுங்காலம் சென்றபின்னரே இலக்கணநூலார் வந்து ஒழுங்கு கண்டனர். யூ.எம்.எல்.லின் முதற்பதிப்பு ஓரளவு இம்முறையிற் பிறந்ததே. ஏற்கெனவே வழங்கிய குறிகளைத்தான் மூவரும் தொகுத்தனர். பின்னர்க் குழுக்கள் கூடி, வழக்கில் இல்லாதவற்றுக்கும் விதி செய்யத் தொடங்கியபோது நூல் பருத்தது. பேசுவோர் தொகை அதனோடு பெருகவில்லை.

இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியன் பெற்றே என்னும் அம்மையார், 50 நிறுவனங்களைச் சேர்ந்த 50 மென்பொருட் பொறியியலாளரை உசாவி 2013 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவருள் 35 பேர் யூ.எம்.எல்.லைக் கையாள்வதே இல்லை. 11 பேர் வேண்டியதை வேண்டியபோது மட்டும் எடுத்தாள்வோர். மூவர் படத்திலிருந்து செய்நிரலைத் தானாகவே பிறப்பிக்கும் கருவிகளைக் கொண்டு வேலைசெய்வோர். ஒருவர், மேலிடத்தையோ வாடிக்கையாளரையோ திருப்தி செய்தற்பொருட்டு வேலை முடிந்தபின் படம் சேர்ப்பவர். முழுமனத்தோடு முற்றாகக் கையாள்வோர் அவ்வைம்பதின்மருள் ஒருவரும் இலர். மைக்ரோசொப்ட் நிறுவனமும், பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்று கூறி, தன் செய்நிரலாக்கக் கருவியிலிருந்து யூ.எம்.எல். வரையும் பகுதியை நீக்கப்போவதாக 2016 இல் அறிவித்தது.

ஏன் இவ்வாறாயிற்று? வீட்டுக்குப் பிளான் கீறுதல்போல மென்பொருளுக்கும் பிளான் வேண்டும் என்பதே இம்மொழிகளை ஆதரிப்போர் கூறும் நியாயம். கேட்கும்போது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் பிளான் கடதாசி, வீடு கல்லும் சீமெந்தும். கடதாசியிற் குடியிருக்க முடியாது. கல்லை இரவோடிரவாக மாற்ற முடியாது. செய்நிரலோ தானும் ஓர் எழுத்து. படமும் எழுத்து, செய்நிரலும் எழுத்து. ஒரே பொருளைச் சொல்ல இரண்டு எழுத்துக்கள். இரவு பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் தொலைபேசியில் ஒரு பிழையைச் சொல்ல, செய்நிரலர் அதனை அப்போதே திருத்துவார். படத்தையும் திருந்தச் செய்தல் வேண்டும் என்று நினைப்பார், நித்திரைக்குப் போய்விடுவார். இவ்வாறு ஆறு மாதம் சென்றால் மூலம் ஒன்று சொல்ல உரை வேறொன்று சொல்லும். பொய் சொல்லும் படத்தினும் படமின்மை மேல் என்று புதிதாக வேலைக்கு வருபவர் விரைவிற் கற்றுக்கொள்வார்.

இதற்கு மாற்றாகச் செய்நிரலிலிருந்தே படத்தைப் பிறப்பிக்கும் கருவிகளும் உள. இக்காலத்திற் செயற்கை நுண்ணறிவும் கேட்டவுடன் படம் கீறித் தருகின்றது. இவை பிந்திக் கீறும் பழக்கத்துக்கு இன்னும் வசதி செய்து கொடுத்திருக்கின்றனவேயன்றி அதனைத் தீர்த்திலவே. ஏற்கெனவே செய்துவிட்ட பிழையை அழகாகப் படம் பிடித்துக் காட்டுதலால் யாது பயன்? நம் நூலகச் செய்நிரலை அத்தகைய கருவியிடம் கொடுத்திருந்தாலும் 'நூல்' என்னும் ஒரே பெட்டியைத்தான் அதுவும் கீறியிருக்கும்.

2001 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற் பதினெழுவர் கூடி வெளியிட்ட பிரகடனம், விரிவான ஆவணங்களிலும் இயங்கும் மென்பொருளையே தாம் மேலாக மதிப்பதாகக் கூறிற்று. ஆவணம் வேண்டாம் என்று அவர்கள் கூறினாரல்லர். எனினும், அதனைச் சாட்டாக வைத்துப் படம் கீறுதலையே கைவிட்டோர் பலர். அவர் பக்கத்திலும் யான் நிற்கேன். அதற்குக் காரணமாகிய ஒரு வரலாற்றைச் சொல்கின்றேன்.

டேவிட் ஹரேல் என்பவர் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர். 1982 ஆம் ஆண்டின் இறுதியில், லாவி என்னும் போர்விமானத்தின் இலத்திரனியற் கருவிகளை அமைத்துக்கொண்டிருந்த பொறியியலாளருக்கு ஆலோசகராகக் கிழமைக்கு ஒரு நாள் செல்லத் தொடங்கினார். அவர்கள் தத்தம் துறையில் வல்லுநர். ஆயினும், இன்ன நிலையில் இன்ன பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும் என்று ஹரேல் கேட்டபோது, தடித்த ஆவணங்களைப் புரட்டவேண்டியிருந்தது; புரட்டியபோது ஓரிடத்துக் கூற்று மற்றோரிடத்துக் கூற்றோடு முரணிற்று. அவர்கள் வாயாற் சொன்னதைக் கேட்டுக்கேட்டு ஹரேல் எழுதத் தொடங்கினார்; எழுதியதை விளக்கப் பக்கத்திற் கீறினார்; கீறியதே அவர்களுக்கு எளிதில் விளங்குவதைக் கண்டார். பெட்டிக்குள் பெட்டியாக விமானத்தின் நிலைகளை அடக்கிக் காட்டும் நிலைப்படம் இவ்வாறு பிறந்தது. 1987 இல் அதனை அவர் கட்டுரையாக வெளியிட்டார்; பின்னர் அது யூ.எம்.எல்.லுக்குள்ளும் சேர்க்கப்பட்டது. லாவித் திட்டம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது, படமோ நிலைத்தது.

அவ்வேலை நடக்கும் நாளில் விமானப்படை விமானி ஒருவர் அவ்வறைக்கு வந்தார். கரும்பலகையிலிருந்த சிக்கலான படத்தைப் பார்த்து இது யாது என்று கேட்டார். மிகச் சிறிது நேரம் விளக்கம் சொல்லிவிட்டு மற்றையோர் அப்பாற் சென்றனர். திரும்பி வந்தபோது, தமக்கு விளங்கிவிட்டதென்றும், ஆனால் ஓரிடம் பிழை என்று தாம் எண்ணுவதாகவும் அவ்விமானி சொன்னார். அவர் சொன்னதே சரியாயிற்று. இச்செய்தியை எழுதி வைத்தவர் ஹரேலே.

மொழி ஒன்று மொழியாக நின்ற தருணம் அது என்பேன். செய்நிரல் அறியாத ஒருவர், தாம் ஓட்டப்போகும் விமானத்தைப் பற்றிய படத்தைத் தாமே படித்து, 'இது பிழை' என்று மறுத்துரைத்தார். செய்நிரலைக் காட்டியிருந்தால் அவர் தலையசைத்துப் போயிருப்பார். 800 பக்க விதிநூலைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தாலும் அவ்வாறே. நம் நூலகத்து அம்மையார் அவ்விமானியின் இடத்தில் இருந்தவர். முப்பது ஆண்டுகள் புத்தகம் கொடுத்து வாங்கிய அவர், 'நூல்' என்ற பெட்டியைக் கண்டால், "எங்களிட்ட ஆறு இருக்கே, இதில் எது?" என்று ஒரு நிமிடத்திற் கேட்டிருப்பார். அவருக்கு விளங்காது என்று எண்ணியவர்கள், அவருக்கன்றி வேறு யாருக்குப் படம் கீறினார்களோ அறியேன். புள்ளியிடும் ஆசிரியருக்குப் போலும்.

விமானம், மோட்டார் வாகனம் முதலியவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகளில், படமே மூலமாகி, செய்நிரல் அதிலிருந்து இயந்திரத்தாற் பிறப்பிக்கப்படும் வழக்கமும் உண்டு. அங்கே எழுத்து ஒன்றே, முரண்பட இரண்டாவதில்லை. ஆகவே விதிகள் கடுமையாயிருத்தல் அங்குப் பொருந்தும். பாடசாலை நூலகத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அக்கடுமை வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இது. மாணவர் வேலையிற் செய்நிரல் எழுதத் தொடங்குமுன் படத்தைக் கரும்பலகையில் வெண்கட்டியாற் கீறச் செய்யுங்கள். மென்பொருளைக் கையாளப்போகின்றவரை அழைத்து அதன்முன் ஓர் அரைமணி நேரம் இருத்துங்கள். வைரக் குறி கறுப்போ வெறுமையோ என்பது பற்றி அன்று பேசவேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் எழுதிய சொல்லை அவர் வாயாற் படிக்கட்டும், அஃது எதனைக் குறிக்கின்றது என்று அவரே சொல்லட்டும். அவர் சொல்லி அழித்த கோடுகளையும் அறிக்கையிற் சேர்க்கச் செய்து, அவற்றுக்கும் புள்ளி வழங்குங்கள். அழித்த கோடில்லாத அறிக்கையைச் சற்று ஐயத்தோடு நோக்குங்கள். தமிழாசிரியரையும் அவ்வரைமணி நேரத்தில் அழையுங்கள். ஒற்றுப் பார்ப்பதற்குப் பிறகு வரலாம்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. விடுமுறையில் ஊருக்கு வரும்போது உயர்தர வகுப்புக்கு ஒரு பாடவேளை வாருங்கள். நிறுவனத்தின் மினுமினுப்பான படங்களைக் கொண்டுவரவேண்டாம். கூட்டத்தின் நடுவே கைக்குக் கிடைத்த கடதாசியிற் கிறுக்கி, ஒருவர் மறுக்க வெட்டி, மீண்டும் கிறுக்கிய ஒன்று உங்களிடம் இருக்குமாயின், அதனைக் கொண்டுவந்து எந்தக் கோடு ஏன் வெட்டப்பட்டது என்று சொல்லுங்கள். அத்தகைய படத்தை நம் பிள்ளைகள் பாடநூலிற் காணமாட்டார்.

அந்நால்வரின் அறிக்கை, பொன்னெழுத்துப் பொறித்த அட்டையுடன், அதே பாடசாலை நூலகத்தில் இன்றும் உளது. அண்மையில் அங்குச் சென்றபோது எடுத்துப் பார்த்தேன். முதற் பக்கத்தின் மூலையில், தமது நீண்ட பதிவேட்டின்படி அதற்குரிய இலக்கத்தை அம்மையார் மையால் எழுதி, அருகே 'பிரதி 1' என்றும் குறித்து வைத்திருந்தார்.